திரும்புவதும் எடை மாறுவதும்: கோல்ஃப் சுவிங்கில் உடல் என்ன செய்கிறது?

2025 மார்ச்சில் டர்பன் கன்ட்ரி கிளப்பில் முடிந்த தென்னாப்பிரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டியில் டிலன் நாயுடு பட்டம் வென்றார். மழையால் 54 குழிகளாகச் சுருக்கப்பட்ட போட்டி அது. லாரி கேன்டரை ப்ளேஆஃபில், அதாவது சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டத்தில், தோற்கடித்து, அந்தப் பட்டத்தை வென்ற முதல் வெள்ளையரல்லாத தென்னாப்பிரிக்க வீரர் ஆனார். இதே மைதானத்தில் 1963-இல் நேட்டால் ஓப்பனை வென்ற பாப்வா சேவ்கோலம், இந்திய வம்சாவளியினர் என்பதால் கிளப் கட்டடத்துக்குள் போக முடியாமல், மழையில் வெளியே நின்று கோப்பையை வாங்கினார். இரண்டு வெற்றிகளுக்கும் இடையே 62 ஆண்டுகள்.

நாயுடு என்ற பெயர் அந்தக் கோப்பையில் ஏறிய பிறகு, டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரிபேங்க் பக்கத்து இளைஞர்கள் கிளப்பை, அதாவது கோல்ஃப் மட்டையை, கையிலெடுத்துப் பார்க்க ஆசைப்படுவது இயல்பு. பந்தடித்துப் பழகும் இடமான ரேஞ்சில் போய் நின்றதும் அவர்கள் காதில் முதலில் விழுவது மூன்று கட்டளைகள்: எடையை மாற்று, இடுப்பைத் திருப்பு, தலையை அசைக்காதே. மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்த்தால் உடம்பு குழம்பிப்போகிறது. பந்து வலப்பக்கம் வளைந்து போகிறது, அல்லது கிளப் பந்தைத் தொடுவதற்கு முன்பே மண்ணைக் கிளறுகிறது. அந்தக் கட்டளைகளில் பொய் எதுவும் கிடையாது. ஆனால் எது எப்போது நடக்க வேண்டும் என்பதை அவை சொல்வதில்லை. சுவிங்கில், அதாவது கிளப்பை வீசும் அசைவில், முக்கால்வாசி விஷயம் அந்த 'எப்போது' என்பதில்தான் இருக்கிறது.

முதலில் சில அடிப்படைகள்

இந்தக் கட்டுரை வலது கைக்காரரை வைத்து எழுதப்படுகிறது. இடது கைக்காரர்கள் வலத்தையும் இடத்தையும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம். இலக்கின் பக்கம் இருப்பது இடது கால், அது முன்கால். வலது கால் பின்கால்.

கிளப் பந்திலிருந்து விலகி மேலே போவது பேக்சுவிங். அங்கிருந்து பந்தை நோக்கி இறங்குவது டவுன்சுவிங். கிளப் பந்தைத் தொடும் கணம் இம்பேக்ட். தொழில்முறை வீரர்களின் பேக்சுவிங் சுமார் முக்கால் விநாடி எடுக்கும். டவுன்சுவிங் கால் விநாடியில் முடிந்துவிடும். கிளப்பும் பந்தும் ஒட்டியிருப்பது ஒரு விநாடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்.

கால் விநாடி என்பது யோசித்துத் திருத்துவதற்குப் போதுமான நேரமே இல்லை. 'இறங்கும்போது எடையை இடது பக்கம் தள்ளுகிறேன்' என்று மனதில் சொல்லி முடிப்பதற்குள் பந்து போயிருக்கும். அதனால் எடை மாற்றத்தின் பெரும்பகுதி டவுன்சுவிங் தொடங்கும் முன்பே ஏற்பாடாகியிருக்க வேண்டும்.

எடை வேறு, அழுத்தம் வேறு

பயிற்சியாளர்கள் 'எடை' என்று சொல்லும்போது இரண்டு வேறு விஷயங்கள் அதில் கலந்துகிடக்கின்றன.

1. உடலின் நிறை மையம். நம் உடம்பின் மொத்தப் பாரமும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொண்டால், அந்தப் புள்ளி தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உடலுக்கு உள்ளே இருக்கும்.

2. பாதங்களின் அழுத்தம். இடது பாதம் தரையை எவ்வளவு அழுத்துகிறது, வலது பாதம் எவ்வளவு அழுத்துகிறது என்பது.

இவை இரண்டும் சேர்ந்தே நகர வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. எடை பார்க்கும் மெஷின் இரண்டு இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒவ்வொரு காலையும் ஒரு மெஷினில் வைத்து நேராக நில்லுங்கள். உடம்பை எங்கும் சாய்க்காமல், வலது பாதத்தால் தரையை ஒரு நொடி வேகமாக உதையுங்கள். முள் சட்டென்று ஏறி இறங்கும். உடம்பு அசைவதற்கு முன்பே அழுத்தம் மாறிவிட்டது.

அழுத்தத் தட்டுகள் மேல் நின்று ஆடும் தேர்ந்த வீரர்களை அளந்து பார்த்தபோது தெரியவந்தது இதுதான். தொடக்கத்தில் இரு கால்களிலும் ஏறக்குறைய பாதிப்பாதி. பேக்சுவிங் தொடங்கியதும் அழுத்தம் வேகமாக வலது காலுக்குப் போகிறது. இடது கை தரைக்கு இணையாக வரும் கட்டத்திலேயே பலருக்கு முக்கால் பங்கு அழுத்தம் வலது காலில் சேர்ந்துவிடுகிறது. கிளப் உச்சியை எட்டுவது அதற்குப் பிறகுதான். ஆனால் கிளப் உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் அழுத்தம் இடது காலுக்குத் திரும்பத் தொடங்கிவிடுகிறது. இறங்கும் வழியில் இடது கை மறுபடியும் தரைக்கு இணையாகும்போது முக்கால் பங்கு இடது காலில் இருக்கிறது. இந்த நேரம் முழுக்க இடுப்பு பக்கவாட்டில் நகர்ந்திருப்பது சில சென்டிமீட்டர்தான்.

ரேஞ்சில் காணும் புதியவர்களைக் கவனித்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும். மெதுவாக வலது பக்கம் சாய்ந்து, உச்சியில் முழு எடையையும் வலது காலில் வைத்து, அப்புறம் அங்கிருந்து மொத்தமாக இடது பக்கம் பாயப் பார்ப்பார்கள். அதற்குள் நேரம் கடந்துவிடும்.

மரத்தில் தொங்கும் மாங்காயைக் கல்லால் அடிக்கிற பிள்ளையைப் பாருங்கள். கல் பிடித்த கை இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே இடது கால் முன்னால் வந்து தரையில் ஊன்றிவிடும். கை பின்னால் போய் நின்ற பிறகு காலை எடுத்து வைக்கலாம் என்று எந்தப் பிள்ளையும் காத்திருப்பதில்லை. கோல்ஃபில் கேட்கப்படுவதும் அதே வரிசைதான். கால் தரையில் ஏற்கெனவே இருப்பதால் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

எது எவ்வளவு திரும்புகிறது?

நல்ல பேக்சுவிங்கின் உச்சியில் தோள்கள் ஏறக்குறைய 90 பாகை திரும்பியிருக்கும், இடுப்பு ஏறக்குறைய 45 பாகை. இந்த வித்தியாசத்தை 1992-இல் ஜிம் மெக்லீன் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் 'எக்ஸ் ஃபேக்டர்' என்று பெயரிட்டுப் பிரபலமாக்கினார். வித்தியாசம் கூடினால் தூரம் கூடும் என்ற எண்ணம் பரவியது. இடுப்பை அசையாமல் இறுக்கி வைத்துக்கொண்டு தோளை மட்டும் முறுக்கும் பழக்கம் அமெச்சூர்களிடம் வந்து ஒட்டிக்கொண்டது.

என் பார்வையில், வார இறுதியில் மட்டும் விளையாடுகிற ஒருவருக்கு அதைவிட மோசமான அறிவுரை இல்லை. காரணம் எலும்பில் இருக்கிறது. கீழ் முதுகின் ஐந்து முள்ளெலும்புகளும் சேர்ந்தே ஒரு பக்கத்துக்குச் சில பாகைகள்தான் திரும்ப முடியும். நாம் திரும்புகிற அளவில் பெரும்பகுதி இடுப்பு மூட்டுகளிலிருந்தும் மார்புப் பகுதி முதுகெலும்பிலிருந்தும் வருகிறது. நாள் முழுக்க அலுவலகத்திலோ காரிலோ உட்கார்ந்தே இருப்பவருக்கு அந்த இரண்டு இடங்களுமே இறுகிப்போயிருக்கும். இடுப்பையும் பூட்டிவிட்டால் மிச்ச முறுக்கு முழுக்கக் கீழ் முதுகின் மேல் விழுகிறது. அமெச்சூர் கோல்ஃபர்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் உபாதை கீழ் முதுகு வலிதான்.

அதனால் இடுப்பைத் தாராளமாகத் திரும்ப விடுங்கள். வலது முழங்கால் கொஞ்சம் நிமிரட்டும், இடது முழங்கால் பந்தை நோக்கி முன்னால் வரட்டும். உடம்பு இறுக்கமாக இருந்தால் இடது குதிகால் தரையை விட்டு எழும்பினாலும் தப்பில்லை. புகழ்பெற்ற வீரர்களான பாபி ஜோன்ஸும் ஜாக் நிக்லஸும் குதிகாலைத் தூக்கித்தான் ஆடினார்கள். நிற்கும்போதே வலது பாதத்தின் விரல் பக்கத்தைச் சற்று வெளியே திருப்பி வைத்தாலும் இடுப்புக்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

இன்னொன்று. நாம் பந்துக்கு முன்னால் குனிந்து நிற்கிறோம். குனிந்த முதுகெலும்பைச் சுற்றித் திரும்பும்போது தோள்கள் தரைக்கு இணையாகச் சுற்றாது. இடது தோள் கீழிறங்கிப் பந்தை நோக்கி வரும், வலது தோள் பின்னால் மேலேறும். இதைச் சோதிக்க ஒரு கிளப்பை மார்புக்குக் குறுக்கே இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு, குனிந்த நிலையிலேயே திரும்பிப் பாருங்கள். கிளப்பின் இடது முனை பந்தையோ அதற்குச் சற்று அப்பாலோ காட்ட வேண்டும். அடிவானத்தைக் காட்டினால் நீங்கள் நிமிர்ந்துவிட்டீர்கள்.

கீழிருந்து மேலாக ஒரு வரிசை

வீரர்களின் உடலில் உணரிகளைப் பொருத்தி அளந்தபோது தேர்ந்தவர்கள் எல்லோரிடமும் பொதுவாகத் தெரிந்தது வேகம் கடத்தப்படும் வரிசை. டவுன்சுவிங்கில் இடுப்பு முதலில் உச்ச வேகத்தை அடைகிறது. அது வேகம் குறையும்போது மார்பு உச்ச வேகத்துக்கு வருகிறது. மார்பு தளரும்போது இடது கை, கை தளரும்போது கிளப். ஒவ்வொன்றும் தன் வேகத்தை அடுத்ததற்குக் கொடுத்துவிட்டு நிதானமாகிறது.

இந்தச் சங்கிலிக்குத் தரைதான் தொடக்கம். இடது பாதத்தில் அழுத்தம் சேர்ந்திருந்தால்தான் இடது கால் தரையை உதைத்து நிமிர முடியும். அது நிமிரும்போது இடது இடுப்பு பின்னாலும் மேலேயும் இழுக்கப்படுகிறது, உடம்பு சுழல்கிறது. அழுத்தம் இன்னும் வலது காலில் தங்கியிருந்தால் இடுப்பு எதை ஊன்றிச் சுழலும்? கைகளும் தோள்களும்தான் முந்திக்கொண்டு வேலையைச் செய்ய வேண்டியிருக்கும்.

அங்கிருந்து என்ன ஆகிறது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

1. வலது தோள் முதலில் பாய்வதால் கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு இறங்குகிறது.

2. கிளப்பின் முகம் அந்தப் பாதையைவிட வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் சுழன்று வளைகிறது. ரேஞ்சில் அதிகம் கேட்கும் 'ஸ்லைஸ்' என்பது இதுதான். கை பிடிப்பை மாற்றிப் பார்த்துச் சலித்துப்போகிறவர்களில் பலருக்குக் கோளாறு காலில் இருக்கிறது.

3. கிளப் வரையும் வளைவின் அடிப்புள்ளி உடல் எங்கே தங்குகிறதோ அதற்கேற்பப் பின்வாங்குகிறது. தேர்ந்த வீரர் அயர்னால், அதாவது தரையில் கிடக்கும் பந்தை அடிக்கும் இரும்புத் தலை கிளப்பால், அடிக்கும்போது அந்த அடிப்புள்ளி பந்தைத் தாண்டி ஒரு சாண் தூரத்துக்குள் விழும். முதலில் பந்து, அப்புறம் மண். உடல் வலது காலில் தங்கினால் அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால் விழுகிறது.

டர்பன் கடற்கரைப் பக்கத்து மைதானங்களில் இந்தத் தவறுக்குத் தண்டனை அதிகம். இங்குள்ள புல் தடித்தது, பின்னிப் பிணைந்து வளர்வது. பந்தைத் தொடுவதற்கு முன்பே அதில் சிக்கிய கிளப்பைப் புல் பிடித்து இழுத்து நிறுத்திவிடும்.

மிக அதிக தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவர் மட்டும் கொஞ்சம் விலக்கு. பந்து டீ என்ற சிறு முளையின் மேல், இடது காலுக்கு நேராக இருப்பதால் அடிப்புள்ளியைத் தாண்டி மேலே ஏறும் வழியில் அதை அடிக்கலாம். தலையும் மேலுடலும் பந்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். அதைப் பார்த்து 'டிரைவருக்கு எடை வலது காலில் இருக்க வேண்டும்' என்று சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். மேலுடல்தான் பின்னால் இருக்கிறது. பாதத்தின் அழுத்தம் டிரைவரிலும் இடது காலுக்குப் போயாக வேண்டும்.

அடிக்கடி காணும் கோளாறுகள்

1. *பக்கவாட்டில் அசைதல்.* பேக்சுவிங்கில் இடுப்பு திரும்பாமல் வலது பக்கம் நகர்கிறது. அழுத்தம் வலது பாதத்தின் வெளி ஓரத்துக்குப் போய்விடுகிறது. அங்கே போனால் திரும்பி வருவது கடினம். அழுத்தம் வலது குதிகாலின் உட்பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

2. *தலைகீழ் எடை மாற்றம்.* மேலே போகும்போது எடை இடது காலிலும் கீழே வரும்போது வலது காலிலும் இருப்பது. இதற்குப் பெரும்பாலும் காரணம் 'தலையை அசைக்காதே' என்ற கட்டளைதான். தலையை ஆணி அடித்ததுபோல வைத்துக்கொண்டு திரும்பினால் முதுகெலும்பு இலக்கின் பக்கம் சாய்ந்துவிடும். சாய்ந்த உடம்பு விழாமல் இருக்கக் கீழே வரும்போது பின்னால் சாயும். கழுத்தும் கீழ் முதுகும் ஒருசேர அடிபடுவது இதில்தான். தேர்ந்த வீரர்கள் பலரின் தலை பேக்சுவிங்கில் சற்று வலப்பக்கம் நகர்கிறது, முகமும் லேசாகத் திரும்புகிறது. 'தலையை மேலே தூக்காதே' என்று சொன்னால் போதும். அசையவே கூடாது என்பது தேவையற்ற கொடுமை. பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பெரியவர்கள் இதை மட்டுமாவது விட்டுவிட வேண்டும்.

3. *இடப்பக்கம் சறுக்குதல்.* எடை மாற்ற வேண்டும் என்று கேட்டதை அப்படியே நிறைவேற்றுபவர்களின் கோளாறு. இடுப்பு இலக்கை நோக்கிப் பாய்ந்து, சுழலாமல் போய்க்கொண்டே இருக்கும். இடது கால் நிமிர வாய்ப்பில்லை. பந்து நேராக வலப்பக்கம் போகும், அல்லது கை அதைச் சரிசெய்யப் பார்த்து இடப்பக்கம் கொக்கி போட்டு வளையும்.

4. *எழுந்துவிடுதல்.* டவுன்சுவிங்கில் இடுப்பு பந்தை நோக்கி முன்னால் வந்து, குனிந்த முதுகு நிமிர்ந்துவிடுகிறது. கைகளுக்கு இடம் இருக்காது.

பிடி எப்படியும் இருக்கலாம்

பாப்வா சேவ்கோலம் கேடியாக, அதாவது வீரர்களின் கிளப் பையைச் சுமப்பவராக, வேலை செய்தபடி தானாகவே கற்றுக்கொண்டவர். வலது கைக்காரரான அவர் வலது கையை மேலும் இடது கையைக் கீழும் வைத்துப் பிடித்தார். எந்தப் பயிற்சியாளரும் சொல்லித்தராத பிடி. அந்தப் பிடியோடு டச்சு ஓப்பனை 1959, 1960, 1964 என மூன்று முறை வென்றார். 1965-இல் தென்னாப்பிரிக்காவின் புகழ்பெற்ற வீரர் கேரி ப்ளேயரையே முந்தி மறுபடி நேட்டால் ஓப்பனை வென்றார். அதன் பிறகு நிறவெறி அரசு அவரை ஆட விடாமல் தடுத்தது. எவ்வளவு எழுதினாலும் ஈடுகட்ட முடியாத இழப்பு அது.

கை பிடிப்பில் எவ்வளவோ சலுகை உண்டு என்பதற்கு அவரைவிட நல்ல சான்று கிடையாது. உடலின் வரிசையில் அந்த அளவு சலுகை இல்லை. தோற்றத்தில் ஒருவருக்கொருவர் ஒட்டாத சுவிங் உள்ளவர்களும் முன்காலில் ஊன்றிக் கீழிருந்து மேலாகச் சுழல்கிறார்கள்.

பழகும் விதம்

பந்தை வைத்து முழு வேகத்தில் அடித்துக்கொண்டே உடலின் வரிசையை மாற்ற முடியாது. மூளை பந்தையே கவனிக்கும். பாதி வேகத்திலும், முடிந்தால் பந்தே இல்லாமலும் தொடங்குவது நல்லது.

1. *அடி எடுத்துவைத்து அடித்தல்.* இரு பாதங்களையும் சேர்த்து வைத்து நில்லுங்கள். கிளப்பைப் பின்னால் கொண்டுபோங்கள். அது உச்சிக்குப் போவதற்குச் சற்று முன்பே இடது காலை இலக்கின் பக்கம் எடுத்துவைத்து, ஊன்றியதும் அடியுங்கள். மாங்காய்க் கல்லின் வரிசை இதில் தானாகவே வந்துவிடும். ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

2. *நடந்துபோதல்.* கேரி ப்ளேயர் பல முறை பந்தை அடித்த வேகத்திலேயே வலது காலை எடுத்து முன்னால் வைத்து நடப்பார். அதையே பயிற்சியாகச் செய்யலாம். அடித்து முடிந்ததும் இலக்கை நோக்கி ஓர் அடி நடக்க முடியாவிட்டால் எடை பின்னால் தங்கிவிட்டது என்று பொருள்.

3. *சுவர்.* பின்புறம் சுவரை லேசாகத் தொடும்படி குனிந்து நின்று, கைகளை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள். பின்னால் திரும்பும்போது வலது பக்கம் சுவரை விடாமல் இருக்க வேண்டும். முன்னால் திரும்பும்போது இடது பக்கம் வந்து சுவரைத் தொட வேண்டும். இரண்டு பக்கமும் ஒருசேரச் சுவரை விட்டு விலகினால் மேலே சொன்ன நான்காவது கோளாறு. வீட்டு வராண்டாவில் செய்யலாம், செலவில்லை.

4. *முடிவில் நிற்றல்.* ஒவ்வொரு சுவிங்கின் முடிவிலும் பெல்ட்டின் பக்கிள் இலக்கைப் பார்க்க, வலது பாதம் விரல் நுனியில் மட்டும் நிற்க, மூன்று எண்ணும்வரை அசையாமல் நில்லுங்கள்.

முன்னேற்றத்தைத் தொலைபேசியில் படம் எடுத்துப் பார்ப்பது மேல். உள்ளுக்குள் உணர்வது ஒன்று, வெளியே நடப்பது வேறாக இருக்கும். இடுப்பு உயரத்தில், உங்கள் மார்புக்கு நேர் எதிரே தொலைபேசியை வைத்து மெதுவான வேகத்தில் பதிவுசெய்யுங்கள். தொடக்க நிலையில் வலது இடுப்பின் வெளி விளிம்பைத் தொட்டபடி திரையில் செங்குத்தாக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பேக்சுவிங்கில் இடுப்பு அந்தக் கோட்டைத் தாண்டிப் போனால் முதல் கோளாறு. அப்புறம், கிளப் உச்சியை எட்டும் இரண்டு மூன்று வீடியோ சட்டங்களுக்கு (ஃபிரேம்களுக்கு) முன்பே இடது முழங்கால் இலக்கின் பக்கம் நகரத் தொடங்குகிறதா என்று பாருங்கள். தொடங்கினால் நேரம் சரியாக இருக்கிறது.

நாற்பதைத் தாண்டியவர்களும், ஏற்கெனவே முதுகில் தொல்லை உள்ளவர்களும் முதல் பந்தை அடிப்பதற்கு முன் சில நிமிடங்கள் நடந்து, இடுப்பையும் மார்பையும் மெதுவாக இருபுறமும் திருப்பி உடலைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். வலி பிட்டத்திலிருந்து காலுக்கு இறங்கினாலோ, பாதம் மரத்துப்போனாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள்.